காயக் கூடாத கல்

குளுவாங்
14 ஜனவரி 2024

அன்புள்ள ஐலீனுக்கு,

ஃபாதர் ஜெயபாலன் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். "போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறீங்க. லெட்டர் எழுதுங்க லா. எழுதினா கை வலிக்கும், அளந்து பேசுவீங்க" என்றார். அவசரம் என்றால் மட்டும் போன், மற்றதெல்லாம் கடிதம் என்று உன்னிடமும் சொல்லியிருப்பார்.

நான் நலம். காளிதாஸின் மின்சாமான் கடைக்கு மேலே உள்ள அறையில் தங்கியிருக்கிறேன். பகலில் அவனோடு வீடுகளுக்கு வயரிங் வேலைக்குப் போகிறேன். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் என்பதால் காளிதாஸ் ஒன்றும் கேட்பதில்லை. அதுவே பெரிய உதவி.

கோபத்தில் கிளம்பியதால் மீன்தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தயவுசெய்து கவனமாகப் படி.

உள்ளே இருக்கும் கற்களை நீ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கடல்தண்ணீர்த் தொட்டியில் கல்தான் வடிகட்டி. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அம்மோனியா வரும். அது விஷம். அந்தக் கல்லின் மேலும் அதன் ஓட்டைகளிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா குடியிருக்கிறது. ஒரு வகை அம்மோனியாவைத் தின்று வேறொன்றாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதையும் தின்று விஷம் குறைந்ததாக ஆக்கும். காற்று போகாத கல்லின் ஆழத்தில் இருப்பவை மிச்சத்தையும் வாயுவாக மாற்றி வெளியே விட்டுவிடும். அவை குடியேற மாதக்கணக்கில் ஆகும். சாக ஒரு வாளி பைப் தண்ணீர் போதும். பைப் தண்ணீரில் குளோரின் இருக்கிறது.

அதனால் கல் அழுக்காக இருக்கிறது என்று வெளியே எடுத்துத் தேய்த்துவிடாதே. காய விடாதே. தண்ணீரைத் தள்ளும் மோட்டாரை அணைக்காதே. கல்லின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அந்த உயிர்களுக்கு மூச்சு. தண்ணீர் வற்றினால் வடிகட்டிய நல்ல தண்ணீரை ஊற்று. உப்புப் போடாதே, உப்பு வற்றுவதில்லை. பெரிய கல்லில் ஊதா நிறம் படர்ந்திருக்கிறதே, அது வெளுத்தால் எனக்கு எழுது.

என் பிறந்தநாள் சாப்பாட்டில், காளிதாஸ் முன்னாலும் உன் அக்கா வலேரி முன்னாலும் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "இந்த வீட்டுல வேலை செய்யறது நானும் அந்தக் கல்லும்தான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜோஆன் நன்றாகப் படிக்கட்டும்.

ரோலண்ட்


கெலாங் பாத்தா
4 பிப்ரவரி 2024

ரோலண்டுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கல்லுக்கு ஒரு பக்கம், எனக்குக் கோபத்தில் நாலு வரி, பெற்ற மகளுக்கு ஒரு வரி. ஃபாதர் சொன்னது சரிதான், நன்றாகத்தான் அளந்திருக்கிறீர்கள்.

நாங்கள் நலமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். நலம். கிளினிக்கில் டெங்கி நோயாளிகள் அதிகம். வீட்டுக்கு வந்தால் காலை நீட்டி உட்காரத்தான் நேரம் இருக்கிறது. கற்களை நான் தொடவில்லை. தொட்டதும் இல்லை, அது உங்களுக்கே தெரியும். ஜோஆன்தான் தீனி போடுகிறாள், கண்ணாடியைத் துடைக்கிறாள். கோமாளி மீன்கள் இரண்டுக்கும் கயா, கச்சாங் என்று பெயர் வைத்திருக்கிறாள். அந்த நீல மீன் மற்ற இரண்டையும் விரட்டிக்கொண்டே திரிகிறதாம். எஜமான் என்று நினைப்பாம், அதனால் அதற்குத் துவான் என்று பெயர்.

அந்தச் சாப்பாட்டில் நான் சொன்னது உங்களுக்குச் சுட்டது. சுடட்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் உங்களுக்கு வேலை போனதற்காக நான் அதைச் சொல்லவில்லை, ரோலண்ட். சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் ஆள்குறைப்பு செய்தார்கள். யாருக்கும் நடப்பதுதான். அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? விடியுமுன்பே எழுந்து, நான் கட்டிக் கொடுத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "ஜாம் ஆயிடும் லா, கிளம்புறேன்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்துப் போனீர்கள். சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் போகவில்லை. பொந்தியானுக்குப் போனீர்கள். அங்கே கடலோரக் கோப்பிக் கடையில் சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டு, பாலத்தில் நெரிசல் என்று அலுத்துக்கொண்டே வந்தீர்கள். எத்தனை வாரம் அப்படி? கிளினிக்குக்கு ஊசி போட வந்த ஒரு பொந்தியான் அம்மா, "உங்க வீட்டுக்காரரு எங்க கடையிலதான் டெய்லி உக்காந்திருக்காரு, ரொம்ப நல்ல மனுஷன்" என்று சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தொட்டி முன்னால் நாற்காலி. எங்கள் பக்கம் திரும்புவதே இல்லை. அப்போது வராத வார்த்தை அன்றைக்கு வந்துவிட்டது.

ஐலீன்


குளுவாங்
10 மார்ச் 2024

ஐலீன்,

பொந்தியானைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கிக் கிழித்தேன்.

நம் தாமானில் அக்கம்பக்கத்தார் என்னை எப்படி அழைப்பார்கள்? "சிங்கப்பூர்ல வேலை செய்யற ரோலண்ட்." உன் அக்கா வீட்டிலும் எனக்கு மரியாதை அதற்குத்தான். அது போன பிறகு நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று நினைத்ததில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ அந்தப் பொட்டலத்தைக் கையில் கொடுப்பாய், வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவேன்.

தொட்டி முன்னால் உட்கார்ந்ததற்கும் காரணம் உண்டு. அங்கே மட்டும்தான் நான் செய்வது சரியாக நடந்தது. ஜோஆன் முதலாம் ஆண்டில் சேர்ந்த வருடம் முதல் கல்லை வாங்கினேன். வெறும் சாம்பல் கட்டியாக வந்தது. இப்போது அதைப் பார்த்தால் தெரியும்.

தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் அம்மோனியா பார்க்கும் கிட் இருக்கிறது. சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுவிட்டு, நிறத்தைப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நல்லது. பச்சை என்றால் விஷம் ஏறுகிறது, கல் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நீ நர்ஸ், உனக்கு இது ஒன்றுமே இல்லை.

துவான் என்ற பெயரைப் படித்துச் சிரித்தேன். காளிதாஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நான் சிரித்து நாளாகிவிட்டதாம்.

ரோலண்ட்


கெலாங் பாத்தா
19 மே 2024

அன்புள்ள ரோலண்ட்,

போன வாரம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பின்தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துத் தாமான் முழுவதும் கரண்ட் போய்விட்டது. நான் காற்றாடி இல்லையே என்று கவலைப்பட்டேன். ஜோஆன் ஓடி வந்து, "மம்மி, மோட்டார் நின்னுடுச்சு! கல்லுக்கு மூச்சு இல்ல!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். உங்கள் கடிதங்களை அவள் படிக்கிறாள். நான் மறைத்து வைப்பதில்லை.

வேறு வழியில்லாமல் ஆளுக்கொரு ஜக்கை எடுத்தோம். தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலக்கும் என்று அவள்தான் சொன்னாள். ஊற்றினோம், ஊற்றினோம், கை விட்டுப்போகும்வரை ஊற்றினோம். தரையெல்லாம் உப்புத் தண்ணீர். அவள் வழுக்கி விழுந்தாள். அவளைத் தூக்கப் போய் நானும் விழுந்தேன். இரண்டு பேரும் தரையில் கிடந்து சிரித்தோம். இந்த வீட்டில் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நான் கணக்குப் பார்க்க விரும்பவில்லை. இருட்டுவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. மறுநாள் குழாயில் பார்த்தேன். மஞ்சள். அதற்கு அடுத்த நாளும் மஞ்சள்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அத்தனை நேரம் பக்கத்தில் நின்றபோதுதான் முதல்முறையாக அந்தக் கல்லைச் சரியாகப் பார்த்தேன். ஒரு ஓட்டையிலிருந்து இழை மாதிரி கால்களை நீட்டி ஏதோ ஒன்று தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தது. இன்னொரு ஓரத்தில் குண்டூசித் தலை அளவில் நத்தைகள். நீங்கள் ஏன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தீர்கள் என்று கொஞ்சம் புரிந்தது. கொஞ்சம்தான்.

ஜோஆனுக்குச் செப்டம்பரில் உறுதிப்பூசுதல். பிஷப் வருகிறார். இந்த முறை நம் சர்ச்சில் அவள் வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர். அவள் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. தட்டுக் கழுவிக்கொண்டே, "டேடி வருவாரா?" என்றாள். "நீயே எழுதிக் கேளேன்" என்றேன். "நீங்க எழுதுங்க. நான் எழுதினா அவரு வந்தே ஆகணும்னு ஆயிடும்" என்றாள்.

அதனால் நான் எழுதுகிறேன். வருவீர்களா?

ஐலீன்


குளுவாங்
9 ஜூன் 2024

அன்புள்ள ஐலீனுக்கு,

வருவேன். இது என்ன கேள்வி! என் மகள் தலையில் பிஷப் கை வைக்கும்போது நான் வேறு எங்கே இருப்பேன்? முன் வரிசையில் எனக்கு ஓர் இடம் பிடித்து வை. ஜோஆனிடம் சொல், நான் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை, வர ஆசைப்படுகிறேன்.

ஜக்கால் ஊற்றினீர்கள் என்று படித்ததும் காளிதாஸிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அலமாக், உன் பெண்டாட்டிக்கு அவார்ட் குடுக்கணும் டா" என்றான். நீங்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தண்ணீரைத் துழாவுகிறது என்று எழுதினாயே, அது ஒரு சின்ன நட்சத்திர மீன். உடலைக் காட்டாது, காலை மட்டும் நீட்டும். அதை நான் வாங்கவே இல்லை, கல்லோடு வந்தது.

எனக்கும் ஒரு செய்தி. காளிதாஸும் நானும் சேர்ந்து கடல்மீன் கடை போடப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவன் கடைக்குப் பக்கத்துக் கடை லாட் காலியாகிறது. குளுவாங்கில் நல்ல தண்ணீர் மீன் விற்பவர்கள் இருக்கிறார்கள், கடல்மீனுக்கு ஆள் இல்லை. வாசலிலேயே பெரிய தொட்டி ஒன்று வைக்க வேண்டும். வருகிறவன் அங்கேயே நின்றுவிட வேண்டும். இத்தனை வயதுக்குப் பிறகு ஒருவனிடம் கூலிக்கு நிற்காமல் இருக்க ஒரு வழி தெரிகிறது. உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

பெரிய கல்லின் ஊதா எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது? பின்பக்கம் இருக்கும் தட்டைக் கல்லிலும் வந்துவிட்டதா? அடிக்கல் மணலில் இறுகிவிட்டதா, அசைத்தால் அசைகிறதா? அசைக்காதே, பார்த்து மட்டும் சொல்.

பூசை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் ஆகும் என்றும் எழுது. வேலையை அதற்கேற்ப ஒதுக்கிக்கொள்கிறேன்.

அன்புடன்
ரோலண்ட்


கெலாங் பாத்தா
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ரோலண்ட்,

கடை விஷயம் கேட்டுச் சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். நீங்கள் மறைக்காமல் சொன்னது அதைவிடச் சந்தோஷம்.

உறுதிப்பூசுதல் செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. பூசை ஒன்பது மணிக்கு. பிஷப் வருவதால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்குப் பிறகு ஹாலில் சாப்பாடு, படம் பிடிப்பது. ஜோஆன் பாடகர் குழுவோடு ஒத்திகை பார்க்க வேண்டும் என்பதால் நாங்கள் எட்டு மணிக்கே வீட்டைவிட்டுப் போய்விடுவோம். நீங்கள் குளுவாங்கிலிருந்து நேராகச் சர்ச்சுக்கே வந்துவிடுங்கள்.

ஊதா நிறம் நன்றாகப் படர்ந்திருக்கிறது. தட்டைக் கல்லின் ஓரத்திலும் வந்துவிட்டது. கண்ணாடியில்கூடப் புள்ளி புள்ளியாக வருகிறது, ஜோஆன் அதைச் சுரண்ட மாட்டேன் என்கிறாள். அடிக்கல் இறுகித்தான் இருக்கிறது.

அவளுக்கு வெள்ளை கவுன் தைத்தாயிற்று. என்னைவிட உயரமாகிவிட்டாள், பார்த்தால் அசந்துபோவீர்கள். உங்கள் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு அலமாரியில் மாட்டி வைத்தேன். பிறகுதான், நீங்கள் வீட்டுக்கு வராமல் சர்ச்சுக்குத்தானே வருகிறீர்கள் என்று ஞாபகம் வந்தது. மாட்டியது மாட்டியபடியே இருக்கட்டும்.

பூசை முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள். மீன் கறி வைக்கிறேன். ஜோஆன் மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டாள், அவளுக்குக் கோழி. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசலாம். கடை குளுவாங்கில் என்றால் வாரக் கடைசியில் வீட்டுக்கு வர முடியாதா என்ன? நான் முதலில் கேட்கக் கூடாது என்று வலேரி சொன்னாள். நான் கேட்டுவிட்டேன்.

உங்கள்
ஐலீன்


கெலாங் பாத்தா
22 செப்டம்பர் 2024

ரோலண்ட்,

வந்தது நீங்கள்தானா?

கதவு உடைந்திருக்கவில்லை. டி.வி. இருக்கிறது, என் வளையல் இருக்கிறது. தொட்டியில் இரண்டைத் தவிர மற்றக் கற்கள் மட்டும் இல்லை. தண்ணீர் கலங்கிப்போய்ச் சேறு மாதிரி இருக்கிறது. மூன்று மீன்களும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. ஹாலிலிருந்து வாசல்வரை தண்ணீர் சொட்டிய தடம். சாவி உங்களிடமும் என்னிடமும்தான் இருக்கிறது.

இது அவசரம் என்று நினைத்துப் போனில் கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். ஒரு வார்த்தை பதில் போதும்.

ஐலீன்


குளுவாங்
26 செப்டம்பர் 2024

ஐலீன்,

நான்தான்.

போனை எடுக்காததற்கு மன்னித்துக்கொள். உன் குரலைக் கேட்டால் நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியாது. அதனால் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

அவை என் கற்கள். ஒவ்வொன்றையும் நான் தேர்ந்தெடுத்தேன், நான் வளர்த்தேன். இதைத் திருட்டு என்று மட்டும் சொல்லாதே. அடுத்த மாதம் கடை திறக்கிறோம். காளிதாஸ் தன் சேமிப்பையெல்லாம் இதில் போட்டிருக்கிறான். வாசல் தொட்டிக்குப் புதுக் கல் வாங்கிப் போட்டால் அதில் உயிர் பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை மீன் விட முடியாது. வெறும் தண்ணீரைக் காட்டியா கடை திறப்பது? பழுத்த கல் இருந்தால் அந்த வாரமே மீன் விடலாம். உன்னிடம் கேட்டிருந்தால் நீ கொடுத்திருக்க மாட்டாய். பேசலாம், உட்காரலாம் என்பாய். அதற்குள் நாள் போய்விடும்.

பூசைக்கு வரக் கூடாது என்று நான் நினைக்கவே இல்லை. நம்பு. நல்ல சட்டையைக் காளிதாஸின் வேனிலேயே மாட்டி வைத்திருந்தேன். எட்டரைக்குள் ஏற்றிவிட்டுச் சர்ச்சுக்கு வந்துவிடலாம் என்பதுதான் என் கணக்கு. ஆனால் அடிக்கல் மணலில் இறுகிப்போய் வரவே இல்லை. உடைத்துவிடக் கூடாதே என்று மெதுவாக ஆட்டி ஆட்டி எடுத்தேன். எல்லாவற்றையும் நனைத்த செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கி முடிக்கப் பத்து மணிக்கு மேலாகிவிட்டது.

அப்படியும் சர்ச்சுக்கு வந்தேன். கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். உள்ளே பாட்டுக் கேட்டது. பிள்ளைகள் வரிசையாக நிற்பதுகூடக் கதவு வழியாகத் தெரிந்தது, ஜோஆன் எது என்று தெரியவில்லை. எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் ஏர்கோன் நின்றுவிடும். வெயில் அப்படி. மேல் பெட்டியில் கையை வைத்துப் பார்த்தேன், காகிதம் ஓரத்தில் காய ஆரம்பித்திருந்தது. உள்ளே வந்தால் இன்னும் ஒரு மணி நேரம். பிறகு குளுவாங்வரை பயணம். கல் காய்ந்தால் எல்லாம் செத்துவிடும், ஐலீன். இத்தனை வருஷம் ஒரு காலைப்பொழுதில் போய்விடும். ஜோஆன் தொட்டியைப் பார்த்துக்கொண்ட பிள்ளை, அவளுக்குப் புரியும் என்று கிளம்பிவிட்டேன்.

மீன்களை நான் அநாதையாக விட்டுவிடவில்லை. இரண்டு கல் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். மூன்று மீனுக்கு அது போதும். கொஞ்ச நாளைக்குத் தீனியைக் குறைத்துப் போடச் சொல்.

கொண்டுவந்த கல் எல்லாம் பிழைத்துவிட்டது. ஒன்றுகூட வெளுக்கவில்லை. அந்தச் சின்ன நட்சத்திர மீனும் காலை நீட்ட ஆரம்பித்துவிட்டது. ஜோஆனிடம் சொல், சந்தோஷப்படுவாள்.

கடை திறப்புக்கு நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டும். அன்றைக்கு எல்லாவற்றையும் பேசிக்கொள்வோம்.

ரோலண்ட்


கெலாங் பாத்தா
6 அக்டோபர் 2024

ரோலண்டுக்கு,

நீங்கள் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். நானும் எழுதிவிடுகிறேன்.

முன் வரிசையில் உங்கள் இடத்தில் என் கைப்பையை வைத்திருந்தேன். கூட்டம் அதிகம், ஆட்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் வந்து "இங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். "வர்றாங்க" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர். அவருக்கும் அதையேதான் சொன்னேன். வலேரி என் தொடையைக் கிள்ளினாள். நான் பையை எடுக்கவில்லை.

ஜோஆன் வரிசையில் போகும்போது கதவுப் பக்கம் பார்த்தாள். பிஷப் நெற்றியில் எண்ணெய் பூசிவிட்டு அனுப்பியதும் திரும்பி வரும்போது மறுபடி பார்த்தாள். படம் பிடிப்பவர் எடுத்த எல்லாப் படத்திலும் அவள் முகம் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது. ஹாலில் சாப்பிடும்போது, "பாலத்துல ஜாம்னு வச்சுக்குங்க" என்று அவளே என்னிடம் சொன்னாள். குளுவாங்கிலிருந்து வருவதற்கு எந்தப் பாலம்? உங்களுக்காகப் பொய் சொல்ல அவளுக்கும் பழகிவிட்டது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அவள்தான் முதலில் உள்ளே ஓடினாள்.

இரண்டு கல் போதவில்லை. நீங்கள் அடிக்கல்லைப் பிடுங்கியபோது மணலுக்குள் அடைந்திருந்த அழுக்கெல்லாம் கிளம்பித் தண்ணீரில் கலந்துவிட்டது. திங்கட்கிழமை குழாய் இளம்பச்சையாக இருந்தது. உப்புக் கரைத்து வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினோம். செவ்வாய்க்கிழமை கரும்பச்சை. துவான் ஒரு பக்கமாகச் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் கிளினிக்கில் லீவு சொன்னேன். மூன்று மீனையும் வாளிகளில் எடுத்து, ஸ்கூடாயில் கடல்மீன் விற்கும் கடைக்குக் காரில் கொண்டு போனோம். துவான் இருந்த வாளியை ஜோஆன் மடியில் வைத்திருந்தாள். ஸ்கூடாய்க்குள் நுழையும்போது, "மம்மி, மெதுவா போங்க, இனிமே அவசரம் இல்ல" என்றாள். கயாவும் கச்சாங்கும் பிழைத்துக்கொண்டன. கடைக்காரர் வீரமுத்து அவற்றைத் தன் தொட்டியில் விட்டுக்கொண்டார். "மறுபடி தொட்டி ரெடியானா வந்து எடுத்துக்க பாப்பா" என்றார். "வேணாம் அங்கிள், இங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

உங்கள் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. வழக்கம்போல அவளும் படித்தாள். நான் தடுக்கவில்லை. காரணங்களைப் பற்றியோ நட்சத்திர மீனைப் பற்றியோ அவள் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சர்ச் வாசல்வரைக்கும் வந்தாரா? எஞ்சின ஆஃப் பண்ணவே இல்லையா?"

ஆமாம் என்றேன்.

அன்றைக்கு அவள் அழுதாள். துவான் செத்தபோது அழாதவள்.

கேட்டிருந்தால் நீ கொடுத்திருக்க மாட்டாய் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துவைத்திருப்பது அவ்வளவுதான். பூசைக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, "கடைக்குக் கல் வேணும் ஐலீன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நானே காகிதத்தை நனைத்துச் சுற்றிக் கொடுத்திருப்பேன். ஜோஆன் மடியில் வைத்துக் குளுவாங்வரை கொண்டு வந்திருப்பாள். மீனுக்கு வேறு இடமும் பார்த்திருப்போம். உங்கள் கடையைப் பற்றிப் பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லிவைத்திருந்தாள். அது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கேட்கவும் இல்லை.

நீங்கள் கெட்டவர் இல்லை. அதை நான் வலேரியிடமும் சொன்னேன். அந்த வாசலில் நீங்கள் வேதனைப்பட்டிருப்பீர்கள், அதையும் நம்புகிறேன். ஆனால் ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் பிள்ளை என்று வைத்துப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினீர்கள். பிள்ளை காயாது என்று நினைத்துவிட்டீர்கள்.

கடை திறப்புக்கு நாங்கள் வரவில்லை. கடை நன்றாக நடக்கட்டும். காளிதாஸ் நல்லவர், அவர் சேமிப்பு வீணாகக் கூடாது. ஜோஆன் எப்போதாவது உங்களுக்கு எழுத நினைத்தால் எழுதுவாள், நான் தூண்டவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். ஃபாதர் ஜெயபாலனிடம் போய், எனக்குக் கை வலிக்கிறது ஃபாதர், இனி கடிதம் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

வீட்டுக்கதவுப் பூட்டை மாற்றிவிட்டேன். உங்கள் துணிமணி, கருவிப்பெட்டி, காலித் தொட்டி, நீங்கள் விட்டுப்போன இரண்டு கல், எல்லாவற்றையும் கார் நிறுத்தும் இடத்தில் வைத்திருக்கிறேன். கேட்டுக்குப் பூட்டில்லை. அடுத்த ஞாயிறு காலை பூசைக்குப் போய்விடுவோம். நாங்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வர உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐலீன்